போக்கர் பயிற்சி வட்டம்: 2025 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், ஞாயிறு காலையில் பீளமேடு மாடி அறை வரை ஏறி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். "இந்த ஆண்டும் சிறப்பாகச் செயல்பட்டோம்" என்று தொடங்குவதுதான் வழக்கம். நாம் இணையத்தில் பணம் கட்டி ஆடிய போக்கரே ஆகஸ்ட் மாதம் நின்றுபோனதால், இம்முறை அந்த வரியை விட்டுவிட்டேன்.

முதலில் அதற்கு முந்தைய மாதங்கள். 50, 100 ரூபாய் டோர்னமென்ட் மட்டும், மாதம் 500 ரூபாய்க்கு மேல் போடக் கூடாது, கடன் வாங்கி ஆடினால் அன்றே பெயர் நீக்கம் என்ற பழைய மூன்று விதிகளும் அப்படியே இருந்தன. இதில் சம்பாதிக்கலாம் என்று யாராவது வந்தால் அவர்களைப் பொருளாளரிடம் அனுப்பிவிடுவேன். 2023 அக்டோபர் முதல் கட்டும் பணத்துக்கே 28 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. 100 ரூபாய் கட்டினால் அதில் ஏறக்குறைய 22 ரூபாய் வரி. நிகரமாக ஜெயித்தால் அதிலும் 30 சதவீதம் டிடிஎஸ். அவர் இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டியதும் வந்தவர்களில் பாதிப் பேர் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். போனது நல்லதுதான்.

பிப்ரவரியில் தமிழ்நாடு அரசின் விதிமுறைகள் வந்தன. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் கட்டி ஆடக் கூடாது என்றன. எட்டு மணிக்குத் தொடங்கும் பெரிய டோர்னமென்ட் பன்னிரண்டைத் தாண்டும் என்பதால் பகல் ஆட்டங்களுக்கு மாறினோம். தூக்கம் கெடாமல் ஆடியதில் ஆட்டமும் கொஞ்சம் தெளிந்தது.

இந்த ஆண்டு நாம் தேறினோம் என்றால் அதற்குக் காரணம் பச்சை அட்டை நோட்டு. தோற்ற கையை (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடியதை) அன்றே எழுதி, ஞாயிறன்று எல்லோர் முன்னாலும் பிரிக்க வேண்டும். ஜூனில் பிரித்த ஒரு கையை இன்னும் பேசுகிறோம். உறுப்பினரிடம் ஆட்டின் ஒன்பது, ஆட்டின் எட்டு. மேசையில் எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டில் நாலு திறந்தாயிற்று, அதில் இரண்டு ஆட்டின். கடைசியும் ஆட்டின் என்றால் ஐந்தும் ஒரே இனம், கை நம்முடையது. நடுவில் 300 சிப்ஸ் (பந்தய வில்லைகள்); எதிராளி 150 வைக்கிறார். நம்மவர் 150 போட்டுப் பார்த்தார், கடைசிச் சீட்டு வரவில்லை, வெளியேறினார். "ராசி இல்லை" என்பது அவர் கட்சி.

சரி, கணக்கைப் போடுவோம் என்றார் தலைவர். 150 போட்டால் மொத்தம் 600, அதாவது நாலில் ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும். கண்ணில் படாத சீட்டு 46, அதில் ஆட்டின் 9. ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. "ஆட்டின் விழுந்தால் அவன் இன்னும் கொடுப்பானே அண்ணா" என்றார் நம்மவர். நியாயமான கேள்விதான். ஆனால் கட்டுப்படியாக இன்னும் 170 சிப்ஸாவது வர வேண்டும். எதிராளியிடம் மிச்சம் இருந்ததோ 80. அதற்கப்புறம் அவர் ராசி பற்றிப் பேசவில்லை.

நோட்டைப் புரட்டினால் ஒரே மாதிரித் தவறுகள்தான் கண்ணில் படுகின்றன. கையிருப்பு பத்து பிக் பிளைண்டுக்குக் (பிளைண்ட் என்பது சீட்டுப் பார்க்கும் முன்பே முறைவைத்துக் கட்டாயம் வைக்கும் பந்தயம்; அதில் பெரியது) கீழே போனவர்கள் ஆல் இன், அதாவது இருப்பதையெல்லாம் ஒரேயடியாக வைக்கவும் மாட்டார்கள், சீட்டை மடக்கவும் மாட்டார்கள். ஒவ்வொரு சுற்றாகக் கரைந்து சாவார்கள். என் பெயரும் அதில் உண்டு. இன்னொன்று, 50 ரூபாய் மேசையில் பிளஃப், அதாவது சீட்டில்லாமல் மிரட்டுவது. அங்கே யாரும் மடக்குவதில்லை. இருப்பதிலேயே சின்ன ஜோடி வைத்திருப்பவரும் "பார்த்துவிடலாம்" என்று போடுவார். நமக்கு நல்ல சீட்டு வரும்வரை காத்திருந்து அவரிடம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

புதியவர்கள் எல்லோரும் கேட்கும் கதை, 2003இல் கிறிஸ் மணிமேக்கர் இணையத் தகுதிச் சுற்றில் சில பத்து டாலர் கட்டி நுழைந்து, உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றது. உண்மைக் கதைதான். அவர் முந்தியது 838 பேரை என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஆகஸ்ட் 21 அன்று, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் இணைய விளையாட்டு மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மறுநாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். பண ஆட்டங்களைத் தளங்கள் நிறுத்திவிட்டன. ஒரு தளத்தில் மாட்டிய சில்லறையை எடுக்க நம் உறுப்பினர் ஒருவருக்கு மூன்று வாரம் ஆனது. வெளிநாட்டுத் தளத்தில் விபிஎன் (இருக்கும் இடத்தை மறைக்கும் மென்பொருள்) போட்டு ஆடலாம் என்று வந்த யோசனையைச் செயற்குழு நிராகரித்தது. யோசனை சொன்னவர் பெயரைக் குறிப்பேட்டில் எழுதவில்லை, அவருக்குத் தெரியும். சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. அதற்காக நாம் காத்திருக்கவில்லை.

இலவச ஆப்பில் ஆடிப் பார்த்தோம். முதல் கையிலேயே மேசை முழுக்க ஆல் இன். பணம் போகாது என்றால் யார் மடக்குவார்கள்? செப்டம்பர் மாதத்தின் முதல் ஞாயிறன்று இங்கேயே நேரில் உட்கார்ந்தோம். சிப்ஸுக்குப் பதில் புளியங்கொட்டை, ஆளுக்கு நூறு. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை செல்போன் அலாரம் அடித்தால் பிளைண்ட் ஏறும். முதலில் வெளியேறுபவர் அன்றைய டீ கிளாஸ்களைக் கழுவ வேண்டும். அந்தப் பயத்தில் ஆட்டம் ஒழுங்கானது! பத்தொன்பது பேரில் பதினோரு பேர் தொடர்ந்து வருகிறார்கள். வராத எட்டுப் பேரில் மூவர் பணம் இல்லாமல் ஆடப் பிடிக்கவில்லை என்று நேராகவே சொன்னார்கள். கோபமில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மின்விசிறி பழுது பார்த்ததைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கொடுத்தால் ஜனவரி வாடகைக்கு ஆகும்.

கடைசியாக, புதிய சீட்டுக்கட்டில் டைமன் ஏழு காணவில்லை. நவம்பரிலிருந்து 51 சீட்டை வைத்துத்தான் ஆடி வருகிறோம். அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு ஆடுகிறேன் என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். யாராவது புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்தால் அடுத்த ஞாயிறு கொண்டுவந்துவிடுங்கள்.

செயலாளர்