நல்லூர்த் திருவிழாவுக்கு ரிக்கெற் போடுமுன்

அன்பு மகளுக்கு,

வரும் ஓகஸ்ட் விடுமுறைக்கு எங்கள் இருவரையும் சேர்த்துக்கொண்டு ஆறு பேராக ஊருக்குப் போய், யாழ்ப்பாணம் நல்லூர்த் திருவிழா பார்த்து, அதன் பிறகு நிலாவெளிக் கடற்கரையில் சில நாட்கள் தங்கி வருவதென்று நீயும் மருமகனும் முடிவெடுத்திருப்பதாக அம்மா சொன்னார். பேரப்பிள்ளைகள் திருவிழாவை நேரிலே காணப் போகிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால், நமக்குத் தெரிந்த ஒருவரின் ஏஜென்சியில் ஆளுக்கு 80 பவுண்ஸ் குறைவாக ரிக்கெற் கிடைக்கிறதென்றும், வெள்ளிக்கிழமைக்குள் முழுத் தொகையையும் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடும்படி அவர் கேட்டிருக்கிறாரென்றும் அம்மா அடுத்ததாகச் சொன்னபோது, பணம் போகுமுன் சில விடயங்களை எழுத்திலேயே உனக்குச் சொல்லிவிட வேண்டுமென்று தோன்றியது. தொலைபேசியில் என்றால் பிள்ளைகள் நடுவில் வந்துவிடுவார்கள். கடிதமென்றால் மருமகனும் ஆறுதலாக இருந்து வாசிப்பார்.

லண்டனில் பயண முகவர் நிலையமொன்றில் ரிக்கெற் போடும் வேலையில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: விலை குறைவா கூடுதலா என்பது இரண்டாவது கேள்வி. இந்தப் பயணம் ஏதோவொரு காரணத்தால் நடக்காமற்போனால், கட்டிய பணத்தைத் திருப்பித் தரச் சட்டப்படி கடமைப்பட்டவர் யார் என்பதுதான் முதற்கேள்வி. அதற்கு விடையாக ஒரு பெயரும், அந்தப் பெயரைத் தாங்கிய ஒரு தாளும் உன் கைக்கு வராதவரை எதுவும் கட்டாதே.

அப்படியெல்லாம் நடப்பது அபூர்வம் என்று நீ நினைக்கக்கூடும். 2017 ஒக்ரோபர் 2ஆம் திகதி மொனார்க் விமானக் கம்பனி மூடப்பட்டபோது ஏறத்தாழ 110,000 பேர் வெளிநாடுகளில் நின்றார்கள். 2019 செப்டெம்பர் 23இல் 178 வருடப் பழமையான தோமஸ் குக் விழுந்தபோது, பிரித்தானியாவிலிருந்து போயிருந்தவர்கள் மட்டும் 150,000 பேருக்கு மேல். அதே வருடம் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, அத்தியாவசியத் தேவையின்றி இலங்கைக்குப் போக வேண்டாமென்ற பிரித்தானிய வெளியுறவு அமைச்சின் அறிவுறுத்தல் ஏப்ரல் 25இலிருந்து ஜூன் தொடக்கம் வரை நடைமுறையில் இருந்தது. 2020ஐப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2025 ஜூன் 23இல் கத்தார் தன் வான்வெளியை மூடிவைத்தது சில மணி நேரம்தான் என்றாலும், தோஹா வழியாகப் போகவிருந்த விமானங்கள் நடுவழியிலேயே வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன; கொழும்புக்குப் போகும் நம்மவர்களில் எத்தனையோ பேர் செல்லும் வழி அது. அந்த வருட நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையின் வீதிகளையும் ரயில் பாதைகளையும் உடைத்துப் போட்டது. இவற்றில் எதுவும் ரிக்கெற் போட்ட நாளில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இந்த நாட்டில் இதற்கென்றே அட்டோல் என்றொரு பாதுகாப்புத் திட்டம் 1973ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது; சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அதை நடத்துகிறது. அட்டோல் உரிமம் உள்ளவரிடம் விமானத்தையும் தங்குமிடத்தையும் ஒன்றாகச் சேர்த்து வாங்கினால், அவர் ஆளுக்கு 2.50 பவுண்ஸ் ஒரு நிதியத்துக்குச் செலுத்துகிறார். அவருடைய கம்பனி விழுந்துவிட்டால், இன்னும் புறப்படாதவர்களுக்குப் பணமும், ஏற்கெனவே போனவர்களுக்குத் திரும்பி வரும் வழியும் அந்தத் திட்டத்தின் மூலம் கிடைக்கும். முற்பணம் கட்டியவுடனேயே அட்டோல் சான்றிதழ் உனக்குத் தரப்பட வேண்டும். கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சின்னத்தை நம்பாமல், அந்த உரிம இலக்கத்தை அதிகாரசபையின் இணையத்தளத்தில் நீயே தேடிப் பார்.

நம்மவர்கள் பலர் அறியாத ஓட்டையும் இங்கேதான் இருக்கிறது. விமான ரிக்கெற் மட்டும் வேண்டுமென்று நேரே விமானக் கம்பனியிடம் வாங்கினாலோ, காசைப் பெற்றவுடன் ரிக்கெற்றைத் தந்துவிடும் முகவரிடம் வாங்கினாலோ, அட்டோல் பாதுகாப்புக் கிடையாது. ரிக்கெற்றை உடனே தராமல் காசை மட்டும் வாங்கிக்கொள்பவர் அட்டோல் சான்றிதழ் தந்தாக வேண்டும். ரிக்கெற்றும் வரவில்லை, சான்றிதழும் வரவில்லையென்றால், ஆறு பேரின் பயணத்துக்கும் உன்னிடம் உள்ள ஆதாரம் அவருடைய வாய்ச்சொல் ஒன்றுதான்.

வாட்ஸ்அப்பில் ஒரு தாள் வந்துவிட்டதே என்று நீ சொல்வாய். அந்தத் தாளைக் கொஞ்சம் கிட்டப் பார். பெயர்கள், திகதி, விமான இலக்கம், மேலே ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு ஆகியவை மட்டும் இருந்தால், அது ஆசனம் பிடித்து வைத்ததற்கான பதிவுதான். பணம் விமானக் கம்பனிக்குப் போய்ச் சேர்ந்து ரிக்கெற் எழுதப்பட்டதற்கான சாட்சி அல்ல. ரிக்கெற் இலக்கம் என்பது 13 எண்கள் கொண்டது. அதன் முதல் மூன்றும் விமானக் கம்பனியைக் காட்டும். ஸ்ரீலங்கன் என்றால் 603, கத்தார் என்றால் 157, எமிரேட்ஸ் என்றால் 176. ஆறு பேருக்கும் தனித்தனியாக ஆறு ரிக்கெற் இலக்கங்கள் இருக்க வேண்டும், குழந்தைகளுக்கும் சேர்த்து. அவற்றை வைத்துக்கொண்டு விமானக் கம்பனிக்கே அழைத்து, ரிக்கெற்றுகள் செல்லுபடியாகின்றனவா என்று கேட்டுக்கொள். கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர்கள் இருக்கின்றனவா என்றும் அப்போதே பார்த்துவிடு. தகப்பன் பெயர் முன்னுக்கு வருவதும் பின்னுக்கு வருவதுமாக நம்முடைய பெயர்கள் படும் பாட்டில், திருத்தத்துக்கென்று தண்டப்பணம் கட்டியவர்கள் நிறைய. பதிவு இருந்தும் ரிக்கெற் எழுதப்படாததால், ஹீத்ரோவில் பெட்டிகளோடு நின்றபடி எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்த குடும்பங்களை நான் அறிவேன். அவர்கள் காசு கட்டிய இடத்தில் தொலைபேசியை எடுக்க ஆளில்லை.

அந்த ஏஜென்சிக்காரர் நல்லவரா கெட்டவரா என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. அவர் கோயிலில் நம்மோடு நிற்பவர், நல்லது கெட்டதுக்கு வருபவர் என்பதெல்லாம் உண்மை. ஆனால் ஒரு விமானக் கம்பனி விழுந்தாலோ, அவருக்கு மேலேயுள்ள மொத்த வியாபாரி கைவிரித்தாலோ, நல்ல மனிதரும் உன் பணத்தைத் தர முடியாமல்தான் நிற்பார். அவரிடம் சான்றிதழையும் ரிக்கெற் இலக்கத்தையும் கேட்பது அவரைச் சந்தேகிப்பதாகாது. ஒழுங்காகத் தொழில் செய்பவர் அதைக் கேட்டவுடன் தருவார், நாங்கள் தந்தோம்.

அடுத்தது, பணத்தை எப்படிக் கட்டுவதென்பது. வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பிய பணம், பெற்றவர் வியாபாரத்தில் நொடித்துப்போனால், அநேகமாகப் போனதுதான். கடனட்டையில் கட்டினால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்ஸுக்கு மேற்பட்டு 30,000 பவுண்ஸ் வரை விலையுள்ள ஒன்றுக்கு, விற்றவருக்கு இருக்கும் அதே பொறுப்பு அட்டை தந்த வங்கிக்கும் உண்டு. முற்பணத்தை மட்டும் கடனட்டையில் கட்டியிருந்தாலும் முழு விலைக்கும் அந்தப் பாதுகாப்புப் பொருந்தும் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். கடனட்டை எவர் பெயரில் இருக்கிறதோ அவரே கட்டுவது நல்லது. மேலதிக அட்டை வைத்திருப்பவர் கட்டினால் வங்கி கேள்வி எழுப்பலாம். ஆனால் இதிலும் ஒரு கண்ணி உண்டு. நீ காசு கொடுப்பது ஏஜென்சிக்கு, பறக்கவைப்பது விமானக் கம்பனி என்றிருக்கும்போது, உனக்கும் விமானக் கம்பனிக்கும் நேரடிக் கொடுக்கல் வாங்கல் இல்லையென்று வங்கி மறுக்க இடமிருக்கிறது. ஆகவே ரிக்கெற் மட்டும் வாங்குவதானால், 80 பவுண்ஸ் கூடினாலும் விமானக் கம்பனியிடம் நேரே கடனட்டையில் வாங்குவதுதான் என் விருப்பம். டெபிட் அட்டையில் கட்டியதையும் மீளப் பெற ஒரு வழி உண்டு. அது சட்டமல்ல, அட்டை நிறுவனங்களின் விதி, பெரும்பாலும் 120 நாள் கெடுவோடு வருவது. கடனட்டைக்கு விண்ணப்பித்து ஆகவேண்டிய அளவுக்கு அது முக்கியமா என்று மருமகன் கேட்டால், ஆறு ரிக்கெற்றின் தொகையை அவரிடம் கூட்டிக் காட்டு.

இதைவிட நல்ல வழியும் இருக்கிறது. விமானத்தையும் நிலாவெளி ஹோட்டலையும் ஒரே இடத்தில் ஒரே கொள்வனவாக வாங்கினால், 2018 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பொதிப் பயண (பக்கேஜ்) விதிகள் உனக்குத் துணை நிற்கும். தவிர்க்க முடியாத அசாதாரண நிலைமையால் பயணம் நடக்காவிட்டால் முழுப் பணமும் 14 நாட்களுக்குள் திரும்ப வேண்டும். வாங்கிய பிறகு விலையை 8 சதவீதத்துக்கு மேல் கூட்டினால் நீ விலகிக்கொள்ளலாம். ஊரில் நாம் வீட்டில்தானே தங்கப் போகிறோம், ஹோட்டல் சில நாட்களுக்கு மட்டுந்தானே என்று தயங்காதே. அந்தச் சில நாட்களைச் சேர்த்தாலே அது பொதியாகிவிடும். தனியே ஹோட்டல் பதிவதானால், கடைசி நேரம் வரை இலவசமாக இரத்துச் செய்யக்கூடிய அறையையே எடு. வாடகை வாகனத்துக்கு இங்கிருந்து காசு அனுப்ப வேண்டாம், கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கிய பிறகு கொடுக்கலாம்.

வளைகுடா வழியாகப் போவதானால் முழுப் பயணமும் ஒரே பதிவில் இருக்க வேண்டும். லண்டனிலிருந்து துபாய்க்கு ஒரு ரிக்கெற், அங்கிருந்து கொழும்புக்கு வேறொரு மலிவு ரிக்கெற் என்று துண்டு துண்டாக வாங்கினால், முதல் விமானம் பிந்தியதற்கு இரண்டாவது கம்பனி பொறுப்பேற்காது. இங்கிருந்து புறப்படும் விமானம் எந்த நாட்டுக் கம்பனியுடையதென்றாலும், அது இரத்தானால் பணமா மாற்று விமானமா என்று தெரிவுசெய்யும் உரிமை பிரித்தானியச் சட்டப்படி உனக்குண்டு. காத்திருக்கும் நேரத்துக்கு உணவும் தங்குமிடமும் தர வேண்டும். கொழும்பிலிருந்து திரும்பும்போது, பிரித்தானிய அல்லது ஐரோப்பியக் கம்பனியில் வராவிட்டால், அந்தச் சட்டம் உதவாது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முதல் நாளே வந்திறங்கும்படி திட்டமிடாமல் நாலைந்து நாள் இடைவெளி விடச் சொல்வது அதனால்தான்.

விமானக் கம்பனி இரத்துச் செய்யக்கூடும் என்ற பேச்சு அடிபடத் தொடங்கினால், பயத்தில் நீ முந்திக்கொண்டு இரத்துச் செய்துவிடாதே. நீயாக விலகினால் அவர்களுடைய கழிவு விதிப்படி கிடைப்பதுதான் கிடைக்கும். அவர்கள் இரத்துச் செய்தால் முழுப் பணமும் உனக்குச் சேர வேண்டும். அப்போது வவுச்சர் தருகிறோம் என்பார்கள். 2020இல் எத்தனையோ பேர் அதை வாங்கிக்கொண்டு பிறகு அலைந்தார்கள். பணமே வேண்டுமென்று எழுத்தில் கேள். கம்பனி விழுந்துவிட்டால் அதன் வவுச்சரை எவரும் மதிக்கப்போவதில்லை.

கடைசியாகக் காப்புறுதி. புறப்படும் கிழமையில் எடுப்பது நம்மவர்களின் வழக்கம். ரிக்கெற் போடும் அன்றே எடுத்துவிடு. இன்றைக்கும் ஓகஸ்ட்டுக்கும் இடையில் எவருக்காவது நோய் வந்து பயணம் நின்றால், அன்றே எடுத்த காப்புறுதிதான் பேசும். பிரச்சினை செய்தியில் வந்த பிறகு எடுத்தால், தெரிந்த சம்பவம் என்று சொல்லி அதை விலக்கிவிடுவார்கள். விமானக் கம்பனி நொடித்துப்போவதற்கான காப்பு எல்லாத் திட்டங்களிலும் இருக்காது, அந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பார். வெளியுறவு அமைச்சு போக வேண்டாமென்று சொல்லும் இடத்துக்குப் போனால் பெரும்பாலான காப்புறுதிகள் செல்லாது. போர் காரணமான இழப்பையும் பல திட்டங்கள் ஏற்பதில்லை. பயமாக இருக்கிறது, மனம் வரவில்லை என்பதற்கு வழக்கமான காப்புறுதிகள் காசு தராது.

எங்கள் இருவரின் நோய்களையும் ஒன்றுவிடாமல் பதிய வேண்டும். அம்மா தன் நீரிழிவைச் சொல்ல வேண்டாம், காசு கூடும் என்பார், அதைக் கேளாதே. மறைத்தது பிறகு தெரியவந்தால் கொழும்பு ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் உன் தலையில் விழும். எங்கள் மருந்துகளின் பெயர்களையும் அளவுகளையும் வேறொரு தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். காப்புறுதிப் படிவத்தை நிரப்பியதும், ஏஜென்சிக்காரர் தரும் தாளையும் சேர்த்து, வெள்ளிக்கிழமைக்கு முதல் எனக்கு அனுப்பிவை. நான் பார்த்துச் சொன்ன பிறகு பணத்தைக் கட்டு. அதற்குள் அந்த விலை போய்விடுமென்று அவர் சொன்னால், போகட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா