சர்க்கரை மாத்திரையைச் சொல்லாமல் கொழுப்பு ரிப்போர்ட்டைப் படிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சர்க்கரை மாத்திரை சர்க்கரையை மட்டும்தான் தொடும் என்ற நினைப்பில்தான் பலரும் லேப் ரிப்போர்ட்டைப் பார்க்கிறார்கள். டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பு) ஏறியிருந்தால் உடனே அதற்கொரு மாத்திரை. டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இறங்கியிருந்தால் தைராய்டு மாத்திரையில் பாதியைக் குறைப்பது. எந்த மருந்தை எப்போது தொடங்கினார் என்று தெரியாமல் இந்த எண்களுக்கு அர்த்தம் சொல்ல முடியாது.

இன்சுலினும் ஒரு ஹார்மோன்தான். கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலம் வெளியேறாமல் தடுப்பது அது. ரத்தத்தில் சுற்றும் டிரைகிளிசரைடை உடைக்கும் லைப்போபுரோட்டீன் லைபேஸ் நொதியைத் தூண்டுவதும் அதுவே. இன்சுலின் போதாமல் போனால் கொழுப்பு அமிலம் கல்லீரலில் போய்க் குவியும்; கல்லீரல் அதை டிரைகிளிசரைடாக்கி ரத்தத்துக்கே திருப்பி அனுப்பும்; அதை உடைக்க வேண்டிய நொதியோ மந்தமாகக் கிடக்கும். எனவே எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எண்) 10, டிரைகிளிசரைடு 350 என்று வந்தால், முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து சில வாரங்கள் கழித்து மறுபடி பார்ப்பதே முறை. அதிலேயே டிரைகிளிசரைடு கணிசமாக இறங்கிவிடுவது உண்டு. ஆனால் 500-ஐத் தாண்டினால் கணைய அழற்சி அபாயம் வருகிறது. அங்கே காத்திருக்கக் கூடாது. இதயப் பாதுகாப்புக்காக எழுதித் தந்த ஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரையையும் இந்தக் காரணம் சொல்லித் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொன்று: பல லேப்களில் எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) அளக்கப்படுவதில்லை, கணக்கிடப்படுகிறது. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லையும் (நல்ல கொழுப்பு) டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். டிரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் இந்தக் கணக்கு பொய் சொல்லும். நேரடி எல்டிஎல் பரிசோதனை கேளுங்கள். இல்லையேல் மொத்தத்தில் எச்டிஎல்லை மட்டும் கழித்துப் பாருங்கள்.

சர்க்கரை மருந்துகளில் மருந்துக்கு மருந்து விளைவு வேறு. மெட்ஃபார்மின் எல்டிஎல்லைச் சிறிதளவு குறைக்கும். கிளிமிபிரைடு வகையால் கொழுப்பில் பெரிய மாற்றம் இல்லை. பயோகிளிட்டசோன் டிரைகிளிசரைடைக் குறைத்து எச்டிஎல்லை உயர்த்தும். ஆனால் உடலில் நீர் தேங்கும், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு எல்டிஎல் லேசாக ஏறலாம். அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்துவது, என் பார்வையில், நஷ்டக் கணக்கு: இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அந்த மருந்து தரும் பாதுகாப்பு அந்தச் சிறு ஏற்றத்தைவிடப் பெரிது. அதில் கவனிக்க வேண்டியது வேறு. இன்சுலின் அளவு குறைந்து குளூக்ககான் ஹார்மோன் கூடுவதால், கொழுப்பு உடைந்து உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப் பொருள் சேரலாம். சர்க்கரை 200-க்குக் கீழே இருக்கும்போதே ரத்தம் அமிலமாகலாம். வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வந்தால் குளுக்கோமீட்டரை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம். அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே மருத்துவரைக் கேட்டு இதை நிறுத்த வேண்டும்.

தைராய்டுக்கு வருவோம். லிவோதைராக்சின் என்ற தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மெட்ஃபார்மின் தொடங்கினால் டிஎஸ்எச் இறங்கலாம். ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன் அளவு) அப்படியே இருக்கும். டிஎஸ்எச் ஒன்றை மட்டும் பார்த்து அளவைக் குறைத்தால் தவறாகப் போகும். செமாகுளூட்டைடு என்ற சர்க்கரை மாத்திரையோ லிவோதைராக்சின் உடலில் சேரும் அளவையே கூட்டும். அதைத் தொடங்கினால் 6 முதல் 8 வாரத்தில் தைராய்டு பரிசோதனை தேவை.

பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) உள்ள பெண்களுக்கு மெட்ஃபார்மினும் பயோகிளிட்டசோனும் ஆண் ஹார்மோனைக் குறைத்து, நின்றுபோன கருமுட்டை வெளியேற்றத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். மாதவிலக்கே வரவில்லையே என்று அசட்டையாக இருப்பவர்கள் கருவுற்றுவிடுவது இதனால்தான். டிர்செபடைடு என்ற சர்க்கரை ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால் கருத்தடை மாத்திரை சரியாகச் சேராமல் போகலாம். ஊசியைத் தொடங்கிய பிறகும், ஒவ்வொரு முறை அளவு கூட்டிய பிறகும் 4 வாரம் ஆணுறை போன்ற வேறு பாதுகாப்பு வேண்டும்.

ரத்தம் கொடுக்கப் போகும் நாளில் மருந்தின் பெயர், மில்லிகிராம், தொடங்கிய தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தைராய்டு மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகு போடுங்கள். முடி, நகத்துக்காக பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுபவர்கள் 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும். அது தைராய்டு முடிவைத் திரித்துக் காட்டும். கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு லேப் வரிசையில் நிற்காதீர்கள், சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரும். அந்த மாத்திரை காலை உணவோடுதான்.

இப்படிக்கு,
மருந்தியல் ஆசிரியர் ஒருவர்