நீர்க்கடுப்பு மாத்திரைய பாதியில நிறுத்தாதீங்க, அடுத்தவங்களுக்கும் குடுக்காதீங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்ங்க.

கோத்தகிரி பக்கம் ஒரு டீ எஸ்டேட்ல 18 வருஷமா கொழுந்து பறிக்கிறேன். பொம்பளைங்க வாய்விட்டு சொல்லாத ஒரு விஷயத்தைத்தான் எழுதறேன், எங்க லைன்ல வீட்டுக்கு ஒருத்தருக்காவது வந்திருக்கு, அதனால வெட்டாம போடுங்க. நீர்க்கடுப்பு பத்தி.

காலையில தேயிலைக் காட்டுக்குள்ள போனா மத்தியானம் வரைக்கும் ஒன்னுக்கு போக இடம் கிடையாது, செடி மறைவுல ஒதுங்கலாம்னா அட்டை, காட்டுமாடு, கரடி எல்லா பயமும் இருக்கு, அதனால அடக்கிக்குவோம், அடக்கணுமேன்னு தண்ணியும் குடிக்க மாட்டோம், மார்கழி தை குளிர்ல தாகமும் எடுக்காது. அப்படி அடக்கி அடக்கி நீர்ப்பைல கிருமி பெருகிடுது. அது பெரும்பாலும் நம்ம குடல்ல இருக்கிற ஈ.கோலைங்கற கிருமிதானாம். பொம்பளைங்களுக்கு நீர் வர்ற பாதை சின்னது, அதனால சுலபமா ஏறிடும்னு டாக்டரம்மா சொன்னாங்க. நாம சூடு பிடிச்சிருச்சுன்னு இளநீர், வெந்தயம், மோர்னு குடிச்சுட்டு உக்காந்திருக்கோம். தண்ணி நிறைய குடிக்கறது நல்லதுதான், ஆனா கிருமி வந்துட்டா மாத்திரை வேணும்.

எனக்கு போன மாசம் எரிச்சல் தாங்கல. ஆஸ்பத்திரிக்கு போனா ஒரு நாள் சம்பளம் போயிடும்னு மெடிக்கல்ல போய் சொன்னேன், அட்டைய கத்தரியில வெட்டி நாலு மாத்திரை குடுத்தாங்க, சீட்டும் கேக்கல. வெட்டின அட்டையில பேரு பாதிதான் இருந்துச்சு, எக்ஸ்பைரி தேதி இல்ல, டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுங்கற அந்த சிவப்புக் கோடும் இல்ல. ரெண்டு மாத்திரையிலயே எரிச்சல் அடங்கிடுச்சு, மிச்சத்த டப்பாவுல போட்டு வெச்சுட்டேன். பத்தே நாள்ல திரும்ப வந்துச்சு, இந்த தடவ கலங்கலா நாத்தத்தோட.

அப்புறம்தான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஓபி சீட்டு போட்டேன். மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒன்னுக்கு கல்ச்சர் எடுக்கணும்னாங்க, அதாவது என்ன கிருமி, அது எந்த மருந்துக்கு அடங்கும்னு பாக்கற டெஸ்ட். கழுவிட்டு, முதல்ல வர்றத விட்டுட்டு நடுவுல வர்றத மட்டும் அந்த சுத்தமான டப்பாவுல பிடிக்கணும். ரிசல்ட் வர ரெண்டு மூணு நாள் ஆகும், அது வரைக்கும்னு நைட்ரோஃபுரான்டாயின்னு ஒரு மாத்திரை எழுதினாங்க, 100 மில்லிகிராம், காலையில ஒன்னு ராத்திரி ஒன்னு, அஞ்சு நாள். ரிசல்ட் வந்தப்ப பாத்தா மெடிக்கல்ல குடுத்தாங்களே அந்த வகை மருந்துக்கு என் கிருமி அசையவே அசையாதுன்னு போட்டிருந்துச்சு. நல்லவேளை இந்த மாத்திரை கேக்கும்னு இருந்துச்சு.

இந்த மாத்திரைய வெறும் வயித்துல போடக்கூடாது, சாப்பிட்டுட்டு போட்டாத்தான் குமட்டாது, மருந்தும் உடம்புல நல்லா சேரும். கேப்சூல பிரிச்சு கொட்டக்கூடாது. ரெண்டாவது நாள் ஒன்னுக்கு டிகாஷன் மாதிரி பழுப்பா போச்சு, ரத்தமோன்னு உயிரே போயிடுச்சு எனக்கு, நிறுத்திடலாம்னு நினைச்சுட்டேன். நர்ஸம்மாவுக்கு போன் போட்டா, அது மாத்திரையோட கலர்தான், பயப்படாம போடுங்கன்னாங்க. இத முன்னாடியே ஒருத்தர் சொல்லியிருந்தா நான் ஏன் பயப்படறேன்? இது தெரியாம எத்தன பேர் பாதியில விட்டிருப்பாங்களோ. இன்னொன்னு, எரிச்சல் அடங்க மெடிக்கல்ல ஒரு சிரப் தருவாங்கல்ல, தண்ணியில கலந்து குடிக்கறது, அத இந்த மாத்திரையோட குடிக்கக்கூடாதாம், மாத்திரையோட வேகம் குறைஞ்சுடும். நெஞ்செரிச்சலுக்கு போடற மாத்திரையிலயும் சிலது இதோட சேராது, கேட்டுட்டு போடுங்க. ஒரு வேளை மறந்தா ஞாபகம் வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிட்டா விட்டுடணும், ரெண்டையும் சேத்து முழுங்கக்கூடாது.

மூணாவது நாள் எரிச்சல் சுத்தமா போச்சு. அன்னைக்கு ராத்திரிதான் பக்கத்து வீட்டு அக்கா வந்தாங்க, அதே கடுப்பு, மிச்சம் இருந்தா குடும்மான்னு. என்கிட்ட நாலு இருந்துச்சு. எடுத்து கையில வெச்சுட்டேன் சார், சத்தியமா. குடுக்கறப்ப பாத்தா அவங்க கை நடுங்குது, காய்ச்சல், முதுகுல விலாவுக்கு கீழ வலி, சக்கர வேற இருக்கு. மறுபடி நர்ஸம்மாவ கூப்பிட்டேன், திட்டுதான் விழுந்துச்சு. இந்த மாத்திரை நீர்ப்பையில இருக்கற கிருமிக்கு மட்டும்தான் வேலை செய்யும், குளிரும் முதுகுவலியும் இருந்தா கிட்னி வரைக்கும் ஏறியிருக்கும், அதுக்கு இது போதாது, கிட்னி பழுதானவங்களுக்கு இதே குடுக்கவும் கூடாதுன்னாங்க. ராத்திரியே ஜீப் பிடிச்சு கூட்டிட்டு போனோம், அட்மிட் பண்ணி ஊசி போட்டாங்க. நான் நாலு மாத்திரைய குடுத்து தூங்க அனுப்பியிருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னும் எனக்கு தூக்கம் வரமாட்டேங்குது. என் நாலையும் நானே போட்டு அஞ்சு நாளையும் முடிச்சேன்.

டாக்டர்கிட்ட போறப்ப சக்கர, கிட்னி கோளாறு, மாசமா இருக்கறது, கைக்குழந்தைக்கு பால் குடுக்கறது, முன்னாடி எந்த மருந்தாவது ஒத்துக்காம போனது எல்லாத்தையும் சொல்லிடுங்க. பிரசவம் நெருங்கினவங்களுக்கு இந்த மாத்திரை ஆகாது, அவங்களுக்கு வேற எழுதுவாங்க. மாசமா இருக்கறவங்க வெக்கப்பட்டு சும்மா இருந்துடாதீங்க, வயித்துல இருக்கற பிள்ளைக்கும் சேத்துத்தான் ஆபத்து. மாத்திரை போடறப்ப மூச்சு வாங்குனாலோ, உடம்பு தடிச்சாலோ, கை கால் மரத்துப் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க. ராத்திரி யாரையும் கேக்க முடியலன்னா 104க்கு போன் பண்ணலாம், காசு கிடையாது.

மெடிக்கல் கடைக்காரங்களுக்கும் ஒரு வார்த்தைங்க, எங்க மேல இரக்கப்பட்டுத்தான் குடுக்கறீங்க, தெரியும், ஆனா சீட்டு இல்லாம குடுக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு போம்மான்னு சொல்லி அனுப்புங்க.

தோட்டத்துல கக்கூஸும் குடிதண்ணியும் இருக்கணும்னு 1951-லயே சட்டம் போட்டாங்க. நான் பறிக்கிற காட்டுல இருந்து பக்கத்து கக்கூஸுக்கு நடந்தா அரை மணி நேரம், போயிட்டு வர்றதுக்குள்ள பறிக்கற கொழுந்தோட எடை குறைஞ்சு போகும். காட்டுக்கு ஒன்னு வேணும்னு மேனேஜ்மெண்ட்ட கேட்டு நாங்க 23 பேரு கையெழுத்து போட்டு குடுத்திருக்கோம், இந்த லெட்டரையும் அதோட சேத்து குடுக்கப்போறோம்.

இப்படிக்கு,
கொழுந்து பறிக்கும் ஒரு தொழிலாளி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.