பழைய பத்மினிக்கு எவ்வளவு காற்று?

செங்கோட்டை

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே சாரல் விட்டு விட்டுப் பெய்கிறது. ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது, கூட்டமும் அதற்கேற்றபடி. அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பத்திரிகை தனியாக வரும். மதினியின் முட்டுவலி எப்படி இருக்கிறது என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. பக்கம் பக்கமாக உன் மாமனாரின் பழைய பத்மினி கார்தான்! இருக்கட்டும், எனக்கும் அதுதான் பிடிக்கும் என்று தெரிந்தே எழுதியிருக்கிறாய்.

நீ கேட்டதற்கு வருகிறேன். புனலூரில் பழைய நைலான் டயரை எடுத்துவிட்டு ரேடியல் டயர் மாட்டிய கடையில் நாலு சக்கரத்துக்கும் 35 பவுண்டு காற்று அடித்து அனுப்பினார்கள், வண்டி தவளை மாதிரி குதிக்கிறது, மேனுவலிலோ இருபத்திச் சொச்சம்தான் போட்டிருக்கிறது, எது சரி என்கிறாய். என் அபிப்பிராயம், இரண்டுமே உனக்குச் சரிவராது.

மேனுவலில் இருக்கும் எண் நைலான் டயருக்காக எழுதியது. பத்மினியின் மூலம் இத்தாலிக்காரர்களின் ஃபியட் 1100. அந்தக் காலத்தில் அதன் சக்கரத்துக்கு வந்தது 5.20-14 அளவு டயர். நைலான் டயரில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்குமறுக்காக ஓடும். பக்கச் சுவரே விறைப்பாக நிற்கும், காற்று குறைவாக இருந்தாலும் தாங்கும். ரேடியலில் இழை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகிறது, பட்டனுக்கு, அதாவது ரோட்டில் படுகிற வெட்டுப் பகுதிக்கு, அடியில் இரும்புப் பட்டை. மிஷெலின் கம்பெனி 1946-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டது. நம் ஊர் கார்களுக்கு வந்து சேரத்தான் வெகுகாலம் பிடித்தது. ரேடியலின் பக்கச் சுவர் மெலிசு, அது வளையத்தான் வேண்டும். அதனால் சரியான காற்று இருக்கும்போதும் அடிப்பக்கம் கொஞ்சம் பிதுங்கித் தெரியும். நைலான் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது காற்றில்லாத டயர். கடைக்காரர் 35 அடித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இல்லாவிட்டால், இந்தக் காலத்து வண்டிகள் பலவும் 30-க்கு மேல் கேட்கின்றன, அதே கைப்பழக்கத்தில் அடித்திருப்பார்.

அப்புறம், டயரின் பக்கத்தில் அதிகபட்சம் என்று ஓர் எண் அச்சடித்திருக்கும். அது அந்த டயர் தாங்கும் எல்லை. உன் வண்டிக்கு அடிக்க வேண்டிய அளவு என்று அதை எடுத்துக்கொள்ளாதே.

வண்டி எடை எவ்வளவு, எந்தச் சக்கரத்தில் எவ்வளவு உட்காருகிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இங்கே வந்தால் பிரானூர் பார்டரில் மர லாரி போடும் எடை மேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு தடவை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு தடவை பார்த்துவிடலாம். டயரில் அளவை அடுத்து 79, 82 என்று ஓர் எண் இருக்கும். 79 என்றால் ஒரு டயர் 437 கிலோ தாங்கும், 82 என்றால் 475. ஆனால் அந்தச் சுமை பொதுவாக 36 பவுண்டு காற்றுக்குப் போட்ட கணக்கு. காற்றைக் குறைத்தால் தாங்கும் எடையும் குறையும். உன் வண்டியில் ஐந்து பேர் ஏறி மூட்டை முடிச்சு வைத்தாலும் பின் சக்கரம் ஒன்றில் 350 கிலோவைத் தாண்டுமா என்பது சந்தேகம்தான். ஆகவே 35 தேவையே இல்லை.

நான் சொல்வது: நீயும் மதினியும் மட்டும் போகும்போது முன்னால் 26, பின்னால் 28. வண்டி நிறைய ஆள் என்றால் முன்னால் 28, பின்னால் 30, 32 வரை. பின்னால் எப்போதும் ரெண்டு பவுண்டு கூட இருக்கட்டும். பின்சக்கரம் தள்ளுகிற வண்டி அது, சுமையும் பெரும்பாலும் பின்னால்தான் ஏறுகிறது; அங்கே காற்று குறைந்தால் புளியரை எஸ் வளைவில் வால் ஆட ஆரம்பிக்கும். முன்னால் குறைந்தால் ஸ்டீயரிங் கனமாகும், வளைவில் வண்டி வெளிப்பக்கம் போகப் பார்க்கும். பயமாக இருந்தாலும் சமாளித்துவிடலாம்.

இது தொடக்கம்தான். உன் வண்டிக்கு உள்ள எண்ணை நீயே கண்டுபிடிக்க வேண்டும். காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளந்து எழுதிக்கொள். கொட்டாரக்கரை பக்கம் முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு நின்ற உடனே மறுபடி அள. தென்மலை பக்கம் வேண்டாம், ஏற்றமும் பிரேக் சூடும் கணக்கைக் கெடுக்கும். சுமார் 4 பவுண்டு ஏறியிருந்தால் நல்லது. அதற்கு மேல் ஏறினால் டயர் அதிகமாக மடங்கிச் சூடாகிறது, அதாவது காற்று போதவில்லை. ரெண்டு பவுண்டுதான் ஏறியதென்றால் காற்று கூடுதல். இன்னொரு வழி, சாக்பீஸால் பட்டனின் குறுக்கே தடிமனாகக் கோடு போட்டு நேர்ச் சாலையில் கொஞ்சம் தூரம் உருட்டிப் பார். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் அழிந்து நடு நின்றால் குறைவு. ஒரே ஓரம் மட்டும் தேய்கிற டயர் என்றால் காற்றைக் குற்றம் சொல்லாதே, அலைன்மென்ட் பார்.

சூடான டயரிலிருந்து மட்டும் காற்றை இறக்காதே. நம்மாட்கள் பாதிப் பேர் செய்வது இதுதான்: மலை இறங்கி வந்து, காற்று அளக்கும் கேஜில் 33 காட்டுகிறது என்று பிடுங்கி விடுவது. மறுநாள் காலை அது 26 ஆகி நிற்கும். வெயில் குளிர் வித்தியாசமும் உண்டு. 10 டிகிரிக்கு ஒன்றரை பவுண்டு என்று வைத்துக்கொள். சாரலில் 23 டிகிரியில் சரிபார்த்த டயர், சங்கரன்கோவில் பக்கம் 38 டிகிரி வெயிலில் நிறுத்தியிருக்கும்போதே ரெண்டு பவுண்டுக்கு மேல் கூடக் காட்டும். பெட்ரோல் பங்கில் இருக்கும் கேஜை நம்பாதே, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. சொந்தமாக ஒன்று வாங்கி அதையே வைத்து அள.

மழையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. தேங்கிய தண்ணீர் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றின் அழுத்தத்தைப் பொறுத்தது என்று நாசாக்காரர்கள் 1960-களில் விமான டயர்களை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் கணக்குப்படி பட்டன் தேய்ந்த டயர் 25 பவுண்டில் சுமார் 83 கி.மீ. வேகத்தில் மிதக்கும், 30-ல் 91, வெறும் 18 பவுண்டில் 70-ஐத் தாண்டியவுடனே. கழுதுருட்டி வளைவுகளில் உன் பத்மினி 70 போகாது என்பது வேறு விஷயம். ஆனால் இந்தப் பக்கம் இறங்கி, தென்காசி ரோட்டில் தண்ணீர் கட்டியிருக்கும்போது ஆசையில் மிதிப்பாய், எனக்குத் தெரியும்.

டயர் புதுசு என்கிறாயே, தேதி பார்த்தாயா? பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ம் ஆண்டின் 23-வது வாரம். கடையில் பல வருஷம் கிடந்ததைத் தலையில் கட்டியிருந்தால் இன்றே போய்த் திருப்பிக் கொடு. பழைய ரிம் என்பதால் ரேடியல் டியூப் போட்டே ஓட்டு. டியூப்லெஸ் ரிம்மில் டயரை நழுவாமல் பிடிக்க உள்ளே ஒரு மேடு இருக்கும், அந்தக் காலத்து ரிம்மில் அதை எதிர்பார்க்க முடியாது. ஸ்டெப்னியில் இன்னும் பழைய நைலான் டயர்தான் என்று எழுதியிருக்கிறாய். அவசரத்துக்கு மாட்டினாலும் ரேடியலுக்கு ஜோடியாக ஒரே அச்சில் ஓட்டாதே, பக்கத்துப் பஞ்சர் கடை வரைதான். முடிந்தால் அதையும் மாற்றிவிடு.

நீ வருகிற அன்று காலையில் புனலூரிலேயே காற்றைப் பார்த்துவிட்டுக் கிளம்பு. கோட்டைவாசல் தாண்டியதும் போன் செய், நான் பிரானூரில் நிற்கிறேன். எடை போட்டுவிட்டு அப்படியே பார்டர் பரோட்டா. மதினிக்கு வலி இருந்தால் முன் சீட்டில் உட்கார வை, ஆரியங்காவில் ஒரு தடவை நிறுத்திக் காலை நீட்டச் சொல். வரும்போது நல்ல நேந்திரங்காய் சிப்ஸ் ரெண்டு கிலோ வாங்கி வா, இங்கே கிடைப்பதில் எண்ணெய் வாடைதான் அடிக்கிறது.

உன்,
சங்கரன்