நவாலா போய்விட்டு வந்தேன், மீனா

நாண்டி

அன்புள்ள மீனாட்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு வேலை கிடைத்த செய்தி படித்து அவ்வளவு சந்தோஷம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆன பிறகு எப்படி இருக்கிறார்? அதைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லை.

ஃபிஜி வந்தால் கிராமம் பார்க்கத்தான் வேண்டுமா, எல்லாம் வெளியூர்க்காரர்களுக்காகப் போடும் வேஷம்தானே என்று உன் வீட்டுக்காரர் கேட்டாராம். நல்ல நேரத்தில் கேட்டார், இப்போதுதான் நவாலா என்கிற மலைக் கிராமத்துக்குப் போய் வந்தேன். பா நகரத்திலிருந்து மலைமேல் ஏறுகிற மண் சாலை. மழை பெய்தால் வண்டி போவது கஷ்டம், அதனால் மே முதல் அக்டோபருக்குள் வரப் பாருங்கள். ஒரு திருப்பத்தில் கீழே பா ஆறும் அதன் கரையில் வரிசை வரிசையாகக் கூரை வீடுகளும் தெரியும். ஃபிஜியில் மற்ற ஊர்கள் பெரும்பாலும் தகரத்துக்கும் சிமெண்டுக்கும் மாறிவிட்டன. இந்த ஊர் புரே என்கிற கூரை வீட்டைத்தான் கட்டுவோம் என்று ஊர்க்கட்டுப்பாடாக வைத்திருக்கிறது. 2016 பிப்ரவரி 20 அன்று வந்த வின்ஸ்டன் புயலில் இங்கேயும் வீடுகள் போயின. பல வீடுகளை மறுபடியும் மரமும் மூங்கிலும் புல்லும் கொண்டே எழுப்பினார்கள். வேஷத்துக்காக யாரும் அந்தப் பாடு படமாட்டார்கள், மீனா.

ஊருக்குள் நுழைந்ததும் நேராக வீடுகளைப் பார்க்கப் போக முடியாது. முதலில் செவுசெவு என்கிற சடங்கு. யாங்கோனா என்கிற செடியின் வேரை, இங்கே பானம் செய்கிற வேர் அது, ஒரு கட்டாக வாங்கிக்கொண்டு போய் ஊர்ப் பெரியவர் முன்னால் வைத்து, உங்கள் மண்ணுக்குள் வர அனுமதி கொடுங்கள் என்று கேட்க வேண்டும். வேரை பா சந்தையிலேயே வாங்கலாம். முழு வேராகவே வாங்கு, பொடி வேண்டாம். என் வழிகாட்டி அந்தப் பக்கத்து ஆள், எனக்காக அவரே பேசினார். செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் குனிந்து உள்ளே போனோம். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் முன்பே கழற்றியாகிவிட்டது, தோளில் தொங்கிய பையையும் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். இடுப்பில் சுலு, நம் லுங்கி மாதிரி சுற்றிக் கட்டுகிற துணி. தரை முழுக்கத் தாழை ஓலைப் பாய். வழிகாட்டி வேர்க்கட்டைப் பாயில் வைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசினார். எங்கிருந்து வந்திருக்கிறேன், எதற்கு வந்திருக்கிறேன், எல்லாம். பெரியவர் கை நீட்டி அந்த வேர்க்கட்டைத் தொட்டார். சுற்றி இருந்தவர்கள் உள்ளங்கையைக் குவித்து நிதானமாகத் தட்டினார்கள். அந்தச் சத்தம் கூரைக்குள்ளேயே நின்றது. பிறகு பெரியவர் பதில் பேசினார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் தோளில் இருந்த பாரம் இறங்கியது.

அப்புறம் தானோவா என்கிற மரப் பாத்திரத்தில் இடித்த வேரைத் தண்ணீரில் பிசைந்து துணியில் வடிகட்டினார்கள். சிரட்டையில் ஊற்றி ஒவ்வொருவராகக் கொடுப்பார்கள். வாங்குமுன் ஒரு தடவை கை தட்ட வேண்டும். ஒரே மூச்சில் குடித்துவிட்டு மூன்று தடவை. மண் வாடையும் காரமுமாக இருக்கும், நாக்கும் உதடும் கொஞ்ச நேரம் மரத்துப்போகும். சாராயம்போல ஆட்டம் போட வைக்காது, உடம்பு தளர்ந்து பேச்சு மெதுவாகிறது, அவ்வளவுதான்.

இதை நான் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. இந்த நாட்டு நிலத்தில் சுமார் 87 சதவீதம் பூர்வகுடி மக்களுக்கு உரியது. தனி ஆள் பெயரில் கிடையாது, மதங்காலி என்கிற குலக்கூட்டத்துக்குப் பொது. விற்க முடியாது, குத்தகைக்குத்தான் விடலாம். அப்படிப்பட்ட ஊரில் கேட்காமல் கால் வைப்பதுதான் தப்பு. கேட்டு, அவர்கள் சரி என்றுவிட்டால், கிளம்பும்வரை உன் பாதுகாப்பு முழுக்க ஊருக்குப் பொறுப்பு. கட்டணம் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு நுழைகிற எந்த இடத்திலும் எனக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை. உன் வீட்டுக்காரருக்கு இதைச் சொல்.

நம் ஆட்களுக்கும் இந்த மண்ணோடு வேறு ஒரு வகையில் கணக்கு இருக்கிறது. 1879 முதல் 1916 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் வந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பலர் இன்றும் மதங்காலி நிலத்தில் குத்தகைக்குக் கரும்பு போடுகிறார்கள். சாயங்காலம் அவர்கள் வீட்டுத் திண்ணையிலும் இதே யாங்கோனாதான். நாண்டி கடைத்தெருக் கோடியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் கோபுரம் நிற்கிறது, தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் கட்டியது. வரும்போது அங்கேயும் கூட்டிப்போகிறேன்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் கோபிப்பாய். சேப்பங்கிழங்கு, மரவள்ளி, தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பு இலை. விருந்து நாளென்றால் குழி தோண்டிச் சுட்ட கல்லில் எல்லாவற்றையும் புதைத்து வேகவைப்பார்கள், அதன் பெயர் லோவோ. சேம்பு இலை உனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு ஊரே தேவாலயத்தில் இருக்கும். முழங்காலும் தோளும் மறைகிற உடையாக எடுத்து வை, உன் சுடிதாரே போதும். குழந்தைகளைப் பார்த்தால் தலையைத் தடவிக் கொடுப்பது உன் பழக்கம். இங்கே தலையைத் தொடக்கூடாது, அதை மட்டும் மறந்துவிடாதே.

டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், வண்டிக்காரரிடம் பேசி வைக்கிறேன். அம்மா கண் விஷயம் உடனே எழுது.

அன்புடன்,
வசந்தி