ரன்வே பக்கத்து வீடு

அவனியாபுரம்,
மதுரை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் ஊர் வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அம்மாவுக்கு இப்போதுதான் ராத்திரி தூக்கம் ஒழுங்காக வருகிறது. கிளம்புவதற்கு முந்தின நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ கேட்டதற்கு, "ஊருக்குப் போய் எழுதுகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். போனில் பேசினால் என் பேரன் சின்னவன் நடுவில் வந்துவிடுவான். நீ அழுவாய், உன் அம்மாவும் அழுவாள். பாதிப் பேச்சு நின்றுபோகும். அதனால்தான் கடிதம்.

நீ கேட்டது இரண்டு. ஃப்ளோரிடாவில், வீட்டு வாசல் வரைக்கும் விமானம் வருகிற அந்த ஸ்ப்ரூஸ் கிரீக்கில் வீடு வாங்கலாமா? வாங்கினால் நாங்கள் இரண்டு பேரும் உங்களோடு வந்து இருந்துவிடுவோமா? இரண்டையும் நன்றாக யோசித்துவிட்டேன்.

முதலில் அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளை காரில் முன்னாடியே போய்விட்டார். நீ வாடகைக்கு எடுத்த செஸ்னா 172 என்கிற சின்ன விமானத்தில் நாங்கள் ஏறினோம். வலது பக்க சீட்டில் நான், பின்னால் அம்மாவும் சின்னவனும். அம்மா கிளம்பியதிலிருந்து இறங்குகிற வரை கந்த சஷ்டி கவசத்தை விடவில்லை. எனக்குப் பயம் இல்லை, தாயி. உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு வயதில், விமானச் சத்தம் கேட்டால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு மாடிக்கு ஓடுவாய். ஞாயிற்றுக்கிழமை டிவிஎஸ் 50ல் உன்னை முன்னால் நிற்கவைத்து, பெருங்குடிப் பக்கம் விமான நிலைய வேலி ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அப்போதெல்லாம் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று விமானம் வந்தால் பெரிது. அதற்காக வெயிலில் ஒரு மணி நேரம் நிற்போம். அந்தப் பிள்ளை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து வானத்தில் ஓட்டிக்கொண்டு போனது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

கீழே ஊர் தெரிந்தது. நட்டநடுவில் 4,000 அடி ரன்வே, அதைச் சுற்றி வீடுகள். சுமார் 1,300 வீடு என்றாய். கன்ட்ரோல் டவர் கிடையாது. நீயே ரேடியோவில் "இன்னார், இந்தப் பக்கத்திலிருந்து இறங்குகிறேன்" என்று பொதுவாகச் சொன்னாய். வேறு யாரோ கேட்டுக்கொண்டு வழிவிட்டார். இறங்கி ரோட்டில் ஓட்டிக்கொண்டே போய் உன் தோழியின் வீட்டு வாசலில் நிறுத்தினாய். நம் தெருவில் ஆட்டோ நிறுத்துகிற மாதிரி. எதிரே வந்த கார் ஓரமாக ஒதுங்கி நின்றதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். அங்கே விமானத்துக்குத்தான் முதல் வழி.

போர்க்காலத்தில் அந்த இடம் கடற்படை விமானிகளுக்கான பயிற்சித் தளம் என்று சொன்னபோது நம் ஊர் ஞாபகம் வந்தது. நம் மதுரை விமான நிலையமும் 1942ல் வெள்ளைக்காரன் விமானப்படைக்காகப் போட்ட ரன்வேதான். போர் முடிந்ததும் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் பறக்கத் தெரிந்த ஆட்கள் வீடு திரும்பினார்கள். காலியான ரன்வேக்களும் கிடந்தன. 1946லேயே கலிபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ பக்கம் சியர்ரா ஸ்கை பார்க் என்று வீட்டோடு விமானம் நிறுத்துகிற ஊரை உருவாக்கிவிட்டார்கள். அங்கே மிஞ்சிய ரன்வேயைச் சுற்றி வீடு வந்தது. இங்கே நிலைமை தலைகீழ். 7,500 அடி ரன்வேயை 12,500 அடிக்கு நீட்ட வேண்டும் என்று சின்ன உடைப்பு, அய்யன்பாப்பாக்குடிப் பக்கமெல்லாம் நிலம் எடுக்கிறார்கள். சின்ன உடைப்பு ஜனங்கள் மாற்று இடம் கொடுத்துவிட்டுக் காலி செய்யச் சொல்லுங்கள் என்று 2024 நவம்பரில் ரோட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். என்னிடம் படித்த பையன்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள். "உங்களுக்கு விமானச் சத்தம் பழகினதுதானே அப்பா" என்று நீ சொன்னாய். சத்தம் பழகியதுதான். ஆனால் ரன்வே பக்கத்தில் குடியிருப்பது என்றால் எனக்கு முதலில் அந்தப் பையன்களின் முகம்தான் வருகிறது. அது உன் தப்பு இல்லை. மனதில் இருப்பதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

கிளம்புவதற்கு முன்னால் இறக்கைக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி வைத்து பெட்ரோல் பிடித்துப் பார்த்தாய். தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னாய். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தபோது அது இளநீலமாக இருந்தது. என்ன நிறம் இது என்று கேட்டதற்கு, "லெட் கலந்த பெட்ரோல் அப்பா, அடையாளத்துக்காகச் சாயம் போட்டிருப்பார்கள்" என்றாய். சொல்லிவிட்டு விரலைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு சின்னவனைத் தூக்கி சீட்டில் உட்காரவைத்தாய். எனக்கு அப்போதே சுருக்கென்றது. உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை, பேசாமல் இருந்துவிட்டேன். திரும்பி வந்ததிலிருந்து அந்த லெட், அதாவது ஈயத்தைப் பற்றியேதான் படித்துக்கொண்டிருக்கிறேன். முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி நடத்தியவன் இதைக் கண்டுகொள்ளாமல் விடலாமா?

உன் அம்மாவிடம் சொன்னபோது, "நான் ரசம் வைக்கிறதும் ஈயச்சொம்புதானே" என்றாள். ஈயச்சொம்பு வெள்ளீயம். இது காரீயம். பேரில்தான் ஒற்றுமை. அந்தப் பெட்ரோலில் கலப்பது டெட்ரா எத்தில் லெட். எஞ்சினுக்குள் பெட்ரோல் நேரத்துக்கு முன்னால் வெடித்துத் தட்டாமல் இருக்க அதைச் சேர்க்கிறார்கள். காரில் தட்டினால் ஓரமாக நிறுத்தலாம். வானத்தில் எங்கே நிறுத்துவது? அதனால்தான் அமெரிக்காவில் காருக்கு 1996லேயே தடை செய்தும், நம் நாட்டில் 2000 பிப்ரவரியோடு நிறுத்தியும், இந்தச் சின்ன விமானங்களுக்கு மட்டும் இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள். காரணம் நியாயமானதுதான். அதற்காக ஈயம் ஈயம் இல்லாமல் போய்விடுமா?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு அதிகபட்சம் 0.56 கிராம். உன் செஸ்னா மணிக்கு 34 லிட்டர் குடிக்கிறது என்றால், ஒரு மணி நேரப் பறத்தலில் 19 கிராம் வரை ஈயம் புகையோடு வெளியே போகிறது. ஒரு விமானம் தெருவைக் கடந்து போனால் பெரிதில்லை. நீ பார்த்திருப்பதோ விமானம் நிறுத்துகிற கொட்டகை, ஹேங்கர், நூற்றுக்கணக்கில் இருக்கிற ஊர். சின்னவனுக்கு நாலு வயது. வாய்க்குள் போகிற ஈயத்தைப் பிள்ளைகளின் உடம்பு பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்ளும். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரைக்கும் இருந்தால் பரவாயில்லை என்று ஒரு அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. விமானத்திலிருந்து வருகிற ஈயம் மக்களின் உடல்நலத்துக்குக் கேடு என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையே 2023 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. நீ விமானத்தைப் பற்றி எல்லாம் படித்தவள். இதை மட்டும் எப்படி விட்டாய் என்று எனக்குப் புரியவில்லை. கோபமாக எழுதவில்லை, பாப்பா. ஆசைப்பட்ட பொருளில் குறை தெரியாது, அவ்வளவுதான்.

வாங்காதே என்று நான் சொல்லவில்லை. சிலவற்றைப் பார்த்துவிட்டு வாங்கு. விமானங்கள் மேலே ஏறுவதற்கு முன்னால் ரன்வே முனையில் நின்று எஞ்சினை உறும விட்டுச் சரிபார்க்கும் இல்லையா, நீயும் செய்தாயே. காற்றில் ஈயம் அதிகம் நிற்பது அந்த இடத்தில்தான். எந்த வீடானாலும் அந்த முனையிலிருந்து தள்ளி இருக்கட்டும். காற்று பெரும்பாலும் எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுத் தோட்டத்து மண்ணை எடுத்து ஒரு ஆய்வகத்தில் கொடுத்துப் பார். ஈயம் மண்ணில் தங்கினால் போகாது, சின்னவன் மண்ணில்தான் விளையாடப் போகிறான். குடி போவதற்கு முன்னால் அவனுக்கு ரத்தத்தில் ஈய அளவு பார்த்துவிடு, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார். டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்று அங்கே வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த 3.5கூட அதிகமாகத்தான் படுகிறது.

அப்புறம் அந்த ஊர் சங்கத்துக் கூட்டத்துக்குப் போனால் ஒரு கேள்வி கேள். ஈயம் இல்லாத நூறு ஆக்டேன் பெட்ரோலுக்கு 2022லேயே அனுமதி கிடைத்துவிட்டது, 2030க்குள் ஈயத்தை விட்டுவிட வேண்டும் என்று இலக்கும் வைத்திருக்கிறார்கள். இங்கே எப்போது கொண்டுவரப் போகிறீர்கள் என்று கேள். அவர்கள் சொல்கிற பதிலை வைத்தே அந்த ஊரில் பிள்ளைகளுக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துவிடும். அதுவரைக்கும் பெட்ரோல் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் சின்னவனைத் தூக்காதே. இது மட்டும் அப்பாவின் உத்தரவு.

ப்ரொப்பெல்லர் பற்றியும் ஒரு வார்த்தை. சுற்றும்போது அது கண்ணுக்குத் தெரிவதே இல்லை. நின்றிருந்தாலும், எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற மேக்னெட்டோவை ஒழுங்காக அணைக்காமல் விட்டிருந்தால் கையால் தள்ளினாலே எஞ்சின் பிடித்துக்கொள்ளலாம் என்று நீதான் சொன்னாய். தெருவே விமானம் ஊர்ந்து போகிற டாக்சிவேயாக இருக்கிற ஊரில் நாலு வயதுப் பையன் பந்தின் பின்னால் ஓடுவான். கொல்லைப்புறத்தில் வேலி போட அந்தச் சங்கம் அனுமதிக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள். ரன்வே யார் பேரில் இருக்கிறது, மாதச் சந்தா எவ்வளவு, புயலுக்கு இன்ஷூரன்ஸ் எவ்வளவு என்பதையெல்லாம் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார். அந்த விஷயத்தில் அவர் கெட்டிக்காரர்.

இரண்டாவது கேள்வி.

அன்றைக்குச் சாயங்காலம் எதிர் வீட்டு ஹேங்கர் கதவு திறந்திருந்தது. எண்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெரியவர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண் பார்வை குறைந்ததால் தனியாக ஓட்டுவதை விட்டு நாலு வருஷம் ஆயிற்றாம். விமானத்தை விற்றுவிட்டார், வீட்டை விற்கவில்லை. போகிற வருகிற ஆளெல்லாம் நின்று பேசிவிட்டுப் போனார்கள். என்னையும் உட்காரச் சொல்லி காபி கொடுத்தார். என் இங்கிலீஷ் அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும், அவருடையது எனக்குப் பாதி. இருந்தாலும் ஒரு மணி நேரம் பேசினோம். நம் தாத்தா வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது. அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சனிக்கிழமை காலையில் கூட்டமாகப் பறந்து போய் வேறு ஊரில் பலகாரம் சாப்பிட்டு வருகிறார்களாமே, அதைவிடவும் இது பிடித்தது. உனக்கு வயதானாலும் அங்கே தனியாக விடமாட்டார்கள் என்று அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்டேன். வாங்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராததற்கு அதுதான் காரணம்.

ஆனால் அவருடைய திண்ணை அவர் அறுபது வருஷம் பறந்து சேர்த்தது. அங்கே வந்து உட்கார்ந்தால் நான் உன்னுடைய அப்பா மட்டும்தான். இங்கே வில்லாபுரம் வரைக்கும் நடந்து போனால் நாலு பேராவது "சார், நல்லா இருக்கீங்களா" என்பார்கள். அம்மாவுக்கும் அப்படித்தான். அங்கே ஒரு கொத்து கறிவேப்பிலைக்கு நீ காரை எடுக்க வேண்டும். அவள் ஒரு நாளும் உன்னிடம் சொல்லவில்லை, ராத்திரி என்னிடம் சொன்னாள். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது அவள் வேறு எங்கேயும் இருந்து நான் பார்த்ததில்லை.

அதனால், வருஷத்தில் நாலு மாதம் வருகிறோம். ஆடி முடிந்து வந்தால் மார்கழிக்குத் திரும்பிவிடுவோம். புயல் காலம் என்று நீ சொல்வாய், பரவாயில்லை, அப்போதுதான் உனக்கும் ஆள் வேண்டும். எங்களுக்காகப் பெரிய வீடாகப் பார்க்காதே. கீழே ஒரு அறை, குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. அம்மாவுக்கு ஜன்னல் ரன்வே பக்கம் வேண்டாம், மரம் தெரிந்தால் போதும். எனக்கு ரன்வே பக்கம் வேண்டும்.

நீ பார்த்து வைத்திருக்கிற வீட்டின் வரைபடத்தை அனுப்பு. ரன்வேயின் இரண்டு முனையும் எங்கே இருக்கிறது, எஞ்சின் சரிபார்க்க எங்கே நிற்கிறார்கள் என்பதை சிவப்பு மையில் குறித்து அனுப்பு. மண் சோதனை முடிவு வந்தால் அதையும் சேர்த்து அனுப்பு, நானும் பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா பருப்புப் பொடியும் மோர் மிளகாயும் தனியாகக் கட்டி வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் வருகிற மாப்பிள்ளையின் சிநேகிதரிடம் கொடுத்துவிடுகிறோம். அவரை ஊர் வந்ததும் ஒரு போன் செய்யச் சொல். சின்னவனுக்கு என் முத்தம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

உன்
அப்பா