வழுக்கையாற்றில் பாசி மாதிரி எடுத்தல்: ஞாயிறு காலை

உறுப்பினர்களுக்கு வணக்கம். வழுக்கையாறு ஓடத் தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒரே ஆறு, அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. இனித் தள்ளிப்போட முடியாது. ஞாயிறு காலை 5.30 மணிக்கு அராலிப் பாலத்தடிக்கு வாருங்கள். இத்தனை வெள்ளெனவா என்று முணுமுணுப்பவர்களுக்கு: இரவு முழுவதும் பாசியும் சுவாசிப்பதால் நீரில் ஒட்சிசன் விடியற்காலையில்தான் மிகக் குறைந்திருக்கும். பிற்பகல் 2 மணிக்கு அதே இடத்தில் மறுபடி அளப்போம். இரண்டு ஒட்சிசன் அளவுகளுக்கும் இடையிலான வித்தியாசம் பெரிதென்றால் பாசி மண்டியிருக்கிறது என்று கொள்ளலாம். வெங்காயத் தோட்டத்து உரம் கழுவி வரும் வாய்க்கால் முனையில் நைத்திரேற்று என்ற உர உப்பை அளக்கத் தனிப் போத்தல் நிரப்பி, உடனே ஐஸ் பெட்டியில் வையுங்கள். பாசி மாதிரிப் போத்தலில் மட்டும், பாசி கெடாமலிருக்க, அயடீன் கரைசல் விடுங்கள். வெறுந்தேநீர் நிறம் வந்ததும் நிறுத்துங்கள். வர முடியாதவர்கள் இன்றிரவே இங்கே எழுதுங்கள்.